யாருடைய பை முதலில்

காலையில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண், வேதநாயகி ஓய்வு பெற்றுப் பத்து நாளாயிற்று என்று கேட்டதும், ‘வேலைக்குப் போகும் தூரம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். ஆனால் சீசன் டிக்கெட்டில் இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தது. வேதநாயகி மதியமே சென்னைக்குப் போய், முப்பத்தோரு வருடம் வீடு திரும்பிய அதே ஐந்து ஐம்பது ரயிலில், அதே மகளிர் பெட்டியில், அவரைக்காய்ப் பையோடு ஏறினாள்.

“வாங்கக்கா! வீட்ல இருப்புக் கொள்ளலியா?” மும்தாஜ் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“சீசன் இன்னியோட முடியுதுடி.”

அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் இறங்குகிறவளின் காய்கறியை எல்லோரும் சேர்ந்து முதலில் நறுக்கித் தருவார்கள். அரக்கோணத்துக்காரி வேதநாயகியின் பை எப்போதும் கடைசி; அதற்குள் இரண்டு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள்.

இன்று ரயில் நகர்ந்ததுமே ஜெபமணி அந்தப் பையை இழுத்துத் தன் மடியில் கவிழ்த்தாள்.

“ஏய், நான் கடைசிலதானே இறங்குவேன்?”

“இல்லக்கா. எங்கள விட்டு இன்னிக்கு நீங்கதான் முதல்ல இறங்குறீங்க.”

பதினோரு பேர் நார் உரித்தார்கள். ஆரம்பத்திலேயே வந்துவிடும் வில்லிவாக்கத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. வேதநாயகி யாருக்கும் தெரியாமல் ஒரு கைப்பிடி அவரைக்காயை எடுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.