பல்லியே சொல்லிருச்சு

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் தனியாக இருந்த வேதவல்லி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்.”

“இச் இச்” என்றது சுவரில் இருந்த பல்லி.

“பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு” என்று சிரித்தவள், காலையிலிருந்து தொடாத சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரம் பல்லியைக் கேட்டது: “ஆபரேஷன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. பூச்சியப் பாத்தேன், கத்தினேன். அது அவளுக்கும் தெரியும். என்னை வச்சே தைரியத்த வரவழைச்சுக்கிட்டா பாரு, கெட்டிக்காரி.”

கடிகாரம் மெல்லச் சொன்னது: “நானும் இன்னும் கொஞ்ச நாள் ஓடிருவேன்.”

ஒரு பூச்சி பறந்தது. “இச் இச்” என்றது பல்லி.

பூச்சியைக் கடிகாரமும் பார்த்தது. ஆனாலும் அதன் முள் முன்னைவிடத் தெம்பாக நகர்ந்தது.