இரண்டு விரல் சேறு

வரைபடத்தில் மூன்று வட்டங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

எங்கள் வெப்பமண்டலக் கடலின் அடிச்சேற்றை எங்களோடு சேர்ந்து ஐந்து வருடம் ஆராய ஒரு வெளிநாட்டுக் குழு கப்பலோடு தயாராக இருந்தது. எந்தக் கரை என்பதுதான் பாக்கி.

முதல் கரை வெறும் மணல். அதை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

மூன்றாவது கரை பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் செல்லப்பிள்ளை. அது ஜெயித்தால் கப்பல் அவர்களுக்கு, பூட்டு என் ஆய்வகத்துக்கு. பன்னிரண்டு வருடம் நான் தனியாளாக ஓட்டிய ஆய்வகம்.

நடுவில் இருக்கும் விரிகுடா என்னுடையது. அப்பா என் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரிதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

வெளிநாட்டுக் குழுவின் பேராசிரியை, விரிகுடாவில் நான் எடுத்துவந்த சேற்று மாதிரிக் குழாயின் மேல்நுனியிலிருந்து துளிச் சேற்றைக் கிள்ளி, முன்பற்களுக்கிடையில் வைத்து அரைத்துப் பார்த்தார். எங்கள் தொழிலில் அப்படித்தான். மணல் கலந்திருந்தால் நறநறக்கும். இது வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார்.

அடுத்து ஊர்ச் சம்மதம் கேட்டார். இதற்காகத்தான் காத்திருந்தேன். மூன்றாவது கரைக்காரர்கள் ஆறு மாதமாகப் பிடிகொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள். எனக்கு ஒரே கூட்டத்தில் ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டது. விஞ்ஞானம் பேசிக் குழப்பாமல், கடலுக்கடியில் என்ன புதைந்து கிடக்கிறது என்று தேடப்போகிறோம் என்றுதான் சொன்னேன். சந்தேகம் கேட்க ஒரு ஆள் இல்லை. என் சாமர்த்தியத்தில் எனக்கே கொஞ்சம் கர்வம்.

அந்த ஊர்ப் படகுச் சங்கத்தின் தலைவரே வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில், மேசையின் ஓரத்தில், கொடுத்த டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

சேற்றின் அடுக்குகள் கலையவே இல்லையே, அங்கே யாரும் வலை இழுப்பதில்லையா என்று பேராசிரியை கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பு நான்தான்.

பத்தொன்பது வருடம் முன்பு புயலில் நான்கு படகுகள் அங்கேதான் மூழ்கின, ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை, அதிலிருந்து அந்தப் பக்கம் யாரும் வலை இழுப்பதில்லை என்றார் சங்கத் தலைவர்.

இழுப்பதில்லை என்பதை மட்டும் மொழிபெயர்த்தேன். மற்றது இந்த மேசைக்குத் தேவையில்லை என்று பட்டது.

பேராசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். எனக்கும் சந்தோஷம்தான்.

சங்கத் தலைவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் மேலே எவ்வளவு சேறு மூடியிருக்கும் என்று கேட்டார்.

இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த விரிகுடாவில் வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் படியும். மனதுக்குள் பெருக்கி, இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினேன்.

அவர் என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் தளர்ந்தது.

“அவ்ளோதானா மேடம்? அப்ப என் தம்பி சீக்கிரமே கெடச்சிடுவான்ல?”

பேராசிரியையின் பேனா நின்றது. அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.