ஏழு மணி நேரம் முந்திய கடிகாரம்

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். அதன் நடுவில் இரண்டு கடிகாரங்கள் எதிரெதிரே நின்றன. கோபுரத்தில் இருந்த பெரிய கடிகாரம் உள்ளூர்க்காரர். கம்பத்தில் இருந்த குட்டிக் கடிகாரம், ஜெர்மனியில் உள்ள தோழமை ஊர் அன்பளிப்பாக அனுப்பியது. வந்து நாற்பது வருஷமாகியும் அது தன் ஊர் நேரத்தைத்தான் காட்டியது. ஏழு மணி நேரம் முன்னால்!

"உன் ஊர் மணி இங்கே யாருக்கு வேணும், தம்பி?" என்று பெரியது தினமும் கேலி செய்யும்.

அன்று குட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, எங்க ஊர்க்காரங்க வர்றாங்க! பத்து மணிக்கு பஸ்! என்னைப் பார்த்ததும் அசந்துபோவாங்க!"

பத்தாக ஒரு நிமிஷம் இருந்தது. நகராட்சியில் புதிதாகச் சேர்ந்த ஹார்லன் ஏணியோடு ஓடிவந்தார்.

"விருந்தாளிங்க வர்ற நேரத்துல தப்பான மணியா?" என்று ஏறி, குட்டியின் முள்ளைப் பிடித்தார்.

"ஐயோ அண்ணே, திருப்பப் போறாரு!"

பெரிய கடிகாரம் மணியடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதோடு நிறுத்திக்கொண்டது.

"அடக் கடவுளே, பெரிசே கெட்டுப்போச்சா!" ஹார்லன் இறங்கிக் கோபுரத்துக்கு ஓடினார்.

பஸ் வந்தது. இறங்கியவர்கள் குட்டியைப் பார்த்துக் குதித்துக் கைதட்டினார்கள். "அட, அஞ்சு மணி! வீட்டுலயும் இப்ப இதே மணிதான்!"

குட்டி பெரியதைப் பார்த்துச் சொன்னது: "ஒரு நாளும் தப்பா அடிக்காத நீங்க, எனக்காகத் தப்பா அடிச்சுட்டீங்களே, அண்ணே."

"தப்பா?" என்றது பெரியது. "நம்ம ஊர்ல இப்ப அஞ்சுதானே, தம்பி?"