நல்லிணக்கச் சுவர்

குடியிருப்பில் வீடுகளுக்கு நடுவே நல்லிணக்கச் சுவர் வேண்டுமென்று முதலில் கை தூக்கியவள் கோமளவல்லிதான். குக்கர் விசில், டிவி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் பழையபடி அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சாமி பேரைச் சொல்லும் குரலை மட்டும் சுவர் விழுங்கிவிடும். அது வந்தபிறகு பாங்குக்கும் பஜனைக்கும் யாரும் மல்லுக்கு நின்றதில்லை.

பக்கத்து வீட்டு சுலைகா குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். அடக்கம் முடிந்ததும் மகள் நஸ்ரின் வந்தாள்.

"விழுந்ததுக்கு அப்புறமும் அம்மா ரொம்ப நேரம் உசிரோட இருந்திருக்காங்கன்னு டாக்டர் சொல்றாரு, ஆன்ட்டி. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"பக்கெட் உருண்டது கேட்டுச்சும்மா. குரல் எதுவும் கேக்கலையேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

நஸ்ரின் சுவரையே பார்த்தாள். "வலிச்சா அம்மா 'யா அல்லாஹ்'ன்னுதான் கத்துவாங்க. வேற வார்த்தையே வராது."

நஸ்ரின் போனதும் கோமளவல்லி தன் குளியலறைக்குள் நின்று, "யாராவது வாங்க! யாராவது வாங்க!" என்று கத்திப் பழகினாள். நன்றாகத்தான் வந்தது. நிம்மதியோடு திரும்பியவளுக்கு ஈரத்தில் கால் சறுக்கியது. குழாயைப் பிடித்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"முருகா!"