போட்டுக்கொடுத்தவளுக்கு ஓர் அத்தியாயம்

அக்கா பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த மாயாஜால நாவலைப் பற்றி அம்மாவிடம் போட்டுக்கொடுத்தவள் தங்கை. அக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. ஜன்னல் வெயிலில் நோட்டை விரித்து, தான் எழுதிவரும் கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதுகிறாள். எழுத எழுத வாய்விட்டுப் படிக்கிறாள். கதையில் தங்கைக்கு உயிரான குட்டி டிராகனின் இடது இறக்கை பிய்ந்து தொங்குகிறது. "வேணாம்க்கா, இனிமே சத்தியமா சொல்லமாட்டேன்." அக்கா நிமிரவில்லை. "அடுத்து, வலது இறக்கை" என்கிறாள். தங்கை முகம் வாடினால் அந்த வரியை அழித்துவிடுவது அக்காவின் வழக்கம்; அதற்காகவே பென்சிலில் எழுதுவாள். தங்கை மூக்கை உறிஞ்சியபடி டப்பாவைத் துழாவி ரப்பரை எடுத்து நீட்டுகிறாள். அக்கா கையைத் தூக்கிக் காட்டுகிறாள். "நல்லாப் பாரு. இன்னைக்குப் பேனாடி."