அடையாளச் சாட்சி

ஆரணி பத்திரப் பதிவு ஆபீஸில் பதிவாளரின் மேஜைக்கு முன்னால் சக்கரவர்த்தி நின்றான்.

பக்கத்தில் அந்த அம்மா நின்றாள். வெளுத்துப்போன பச்சைச் சேலை, தலையில் முக்காடு.

இன்னும் ஐந்து நிமிடம். அவள் தன் பெயர் முனியம்மாள் என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் வைக்க வேண்டும். நிலத்தை விற்பது இவர்தான், இவரை எனக்குத் தெரியும் என்று சக்கரவர்த்தி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அவள் முனியம்மாள் அல்ல.

உண்மையான முனியம்மாள் அந்நேரம் செய்யாறு சாலையிலிருந்த தன் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருப்பாள். ஒன்றேகால் ஏக்கர், நடுவில் கிணறு. புருஷன் செத்துப் பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை.

செய்யாற்றுக்குக் கம்பெனிகள் வருகின்றன என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, காத்தவராயன் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் நிலம் வாங்கி மனை போட்டுக்கொண்டிருந்தான். சுற்றிலும் கல் நட்டாயிற்று. முப்பதடி ரோடு போக வேண்டிய இடத்தில் முனியம்மாளின் கொல்லை குறுக்கே கிடந்தது.

அவனுடைய தரகன் சக்கரவர்த்தி ஏழு தடவை போய்க் கேட்டுப் பார்த்தான். ஏழாவது தடவை அவள் ஒரு சொம்பு மோர் கொடுத்து, இனிமேல் இதற்காக வராதே, சும்மா வா என்றாள்.

காத்தவராயன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. இன்னொரு முனியம்மாளைக் கொண்டு வா என்றான். ஆரணியில் யாருக்கும் தெரியாத முகமாக இருக்க வேண்டும், செத்தாலும் வாய் திறக்கக் கூடாது என்றான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சக்கரவர்த்தி பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மனைத் தொழிலுக்கு அவன் பிடித்துத்தான் வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் ஆட்களை ஏற்றிப்போய், முள்ளுக்காட்டில் நிறுத்தி, இங்கே பார்க் வரும், அங்கே ஸ்கூல் வரும் என்று கை நீட்டுவான். சில இடங்களில் வரவும் வந்தது. வீடு கட்டியவர்கள் மறக்காமல் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார்கள்.

தொழிலுக்கு இப்படியொரு மறுபக்கம் இருப்பது போகப்போகத்தான் தெரிந்தது.

செய்யாற்றில் ஒரு கம்பெனியில் பஸ்களைக் கவனிக்க ஆள் எடுக்கிறார்கள், இதை விட்டுத் தொலைத்துவிட்டு அங்கே போ என்று மனைவி லாவண்யா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விட்டுவிடலாம். கோகுல்ராஜும் விடுவதாகத்தான் சொன்னான்.

கோகுல்ராஜும் காத்தவராயனிடம் தரகனாக இருந்தவன். இனிமேல் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன மூன்றாம் நாள், சேத்துப்பட்டு சாலையோரக் கிணற்றில் அவனுடைய பைக் கிடந்தது. அவனும் கிடந்தான். குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான் என்றார்கள். டீயைத் தவிர எதையும் கோகுல்ராஜ் குடித்து சக்கரவர்த்தி பார்த்ததில்லை.

இப்போது வராந்தா பெஞ்சில், கதவுக்கு நேராக, காத்தவராயன் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது.

காலையில் சக்கரவர்த்திதான் அந்த அம்மாவைக் கண்ணமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூட்டி வந்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்ததை மட்டும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பெயர் வந்தது, ஊர் வந்தது. கணவன் பெயர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பதிவாளர் பத்திரத்தைப் புரட்டினார். பெயர் கேட்டார்.

முனியம்மாள் என்று தெளிவாகச் சொன்னாள்.

குமாஸ்தா அவளுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினார். பதிவாளர் பத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

பதிவாளர் நிமிர்ந்தார். வராந்தாவில் காத்தவராயன் ஒரு முறை செருமினான்.

சொல்லிவிடு என்று சக்கரவர்த்தி மனதுக்குள் கெஞ்சினான். சொல்லாதே என்றும் கெஞ்சினான்.

அந்த அம்மா தாலியில்லாத கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"கன்னியப்பன்," என்றாள்.

முனியம்மாளின் செத்துப்போன புருஷன் பெயர். சொல்லிக் கொடுத்தபடியேதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சக்கரவர்த்தி நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

பதிவாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"நீங்கதான் சாட்சியா? இந்தம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

பைக்கைக் கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தூக்கியபோது அதன் ஹெட்லைட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது அவன் கண்ணுக்குள் வந்தது. தெரியும் என்றான். பிறகு சத்தமாக மறுபடி சொன்னான்.

"தெரியுங்க சார். என்னப் பெத்தவங்க. பேரு பாஞ்சாலை. எங்கப்பா பேரு தசரதன்."

குமாஸ்தா பிடித்திருந்த விரலை விட்டார்.

வராந்தாவில் பெஞ்சை விட்டு ஆள் எழும் சத்தம் கேட்டது. சக்கரவர்த்தி திரும்பவில்லை. சட்டை நுனியை இழுத்து அம்மாவின் கட்டைவிரலைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்கத் துடைக்க மை அவளுடைய உள்ளங்கையெல்லாம் பரவியது.