வரிசையில் ஒரு காலி இடம்

மக்காவுக்குப் போகும் பழைய சுபைதா பாதையில் பாலைவன நடை வருபவர்களுக்கு நான் வழிகாட்டி. போன குளிர்காலத்தில் என்னோடு வந்த நாயிஃப், பழைய தண்ணீர்த் தொட்டியருகே காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. இந்த முறை அவன் அண்ணன் முத்லக் நடைக்கு வந்தார். அதே இடத்தில் தம்பிக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகையைத் தொழுதுவிட்டு, இனிக் காத்திருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்வதாக இருந்தார்.

தொழுகை வரிசையில் இடைவெளி இருக்கக் கூடாது. தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். முத்லக்குக்கும் என் நண்பன் தஹாமுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"தஹாம், அந்தத் தொப்பையைத் தூக்கிக்கிட்டு கொஞ்சம் நகருப்பா," என்றேன்.

"இதுக்கு மேல எங்க நகர? தோள் இடிக்குதே," என்றான் தஹாம்.

"எனக்கும் இடிக்குது," என்றார் முத்லக். இருவரும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முன்னால் நின்று தொழுவித்தேன். ஜனாஸாவில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைப்பதுமில்லை. முடியும்வரை நின்றபடியேதான் தொழ வேண்டும்.

முடித்துத் திரும்பினேன். காலி இடத்துக் காய்ந்த மணலில் இரண்டு உள்ளங்கைகளும் ஒரு நெற்றியும் புதிதாகப் பதிந்திருந்தன.

முத்லக் குனிந்து நெற்றித் தடத்தைத் தொட்டார்.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார்.

அவர் விரல் நுனியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.